ஜாசிபை ஊரைவிட்டு அனுப்ப ஷல்லால் பட்ட பாடு

ஷல்லால் ஹமதுக்கு ரொட்டி என்றால் உயிர். இதைச் சொல்லாமல் அவர் கதையைத் தொடங்கவே முடியாது. எங்கள் ரும்மானியாவில் அவரைப் பற்றிப் பேசும்போது சகோதரத்துவம், ஒற்றுமை என்று பெரிய பெரிய வார்த்தையெல்லாம் போடுவார்கள். சுன்னி ஷல்லால், ஓடிப்போன ஷியா ஜாசிபைத் திரும்பக் கூட்டிவந்து குடிவைத்தார் என்று அமெரிக்கக்காரன் கேமராவோடு வந்து படம்கூடப் பிடித்துக்கொண்டு போனான். உண்மை அவ்வளவு பெரிசில்லை. ஊரில் ரொட்டி சுடத் தெரிந்தவர் ஜாசிப் ஒருவர்தான். அவர் போன பிறகு வேறொருவன் அடுப்பைப் பற்றவைத்தான். அவன் சுட்ட ரொட்டியால் நாயை அடித்தால் நாய் செத்துப்போகும்.

அதற்கு முந்தைய ஷல்லாலை ஊரில் யாரும் படம் பிடிக்க மாட்டார்கள். சதாம் காலத்தில் குவைத்துக்குச் சண்டைக்குப் போய், துப்பாக்கியை எங்கோ போட்டுவிட்டு, யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு நடந்தே வீடு வந்தவர். மாதுளைத் தோப்பும் நாலு ஆடுமாக இருந்தார். அமெரிக்கக்காரன் வந்த பிறகு நெடுஞ்சாலையில் குழி தோண்டினார். மரம் நடுவதற்காக இல்லை. அப்புறம் அந்தக் குழிக்குள் வைக்க வெடிச்சாமான் கொண்டுவந்த முகமூடிக்காரர்களே ஊரை ஆள ஆரம்பித்தார்கள். ஷியாக்களை விரட்டினார்கள், ஜாசிப் ராவோடு ராவாகக் குடும்பத்தோடு, ஷியாக்கள் நிறைந்த கூத் நகரத்துக்கு ஓடினார். அது முடிந்ததும் புகை பிடிக்காதே என்றார்கள், ஐஸ் விற்காதே என்றார்கள், நபி காலத்தில் ஐஸ் ஏது என்று. ஷல்லாலின் தம்பி ஐஸ் வியாபாரி. கோடைக்காலத்தில் ஐஸ் விற்காமல் எதை விற்பான்? அவனைக் கடைத்தெருவில் வைத்துச் சுட்டார்கள். ஐஸ் உருகி முடிகிறவரைக்கும் பக்கத்தில் போக யாருக்கும் தைரியம் வரவில்லை.

அன்றைக்கு ஷல்லால் கட்சி மாறினார். அமெரிக்கக்காரன் சம்பளம் கொடுத்து உள்ளூர் ஆட்களை வைத்துக் காவல்படை அமைத்தான், சஹ்வா என்று பேர். ஷல்லாலுக்கு ஒரு சட்டையும் வாய்க்கால் பாலத்துச் சோதனைச் சாவடியும் கிடைத்தன. தானே தோண்டிய குழிகளுக்குத் தானே காவல்.

ஊர் கொஞ்சம் அடங்கியதும் அவர் கூத்துக்குப் போனார். மச்சான் வீட்டு மாடியில் பெண்டாட்டி, இரண்டு பெண்கள், சின்னப் பையன் கர்ரார் என்று எல்லோரோடும் ஒண்டியிருந்த ஜாசிப் முன்னால், நாலு பெரியவர்கள் பார்த்திருக்க, உள்ளங்கையால் தன் முகத்தை மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டு சொன்னார்: “ஜாசிபும் அவன் வீடும் என் முகத்துல.”

எங்கள் பக்கத்தில் அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது. இனி அவர்களைத் தொட்டவன் ஷல்லால் முகத்தில் துப்பியவன். ஜாசிப் அழுதார், மூட்டை கட்டினார், வந்தார். ஷல்லாலின் முகம் நல்ல முகம்தான், மீசையும் நன்றாக இருக்கும். ஆனால் அதற்குப் பின்னால் வானத்தில் நின்ற ஹெலிகாப்டர்தான் அதற்கு அழகு. அது ஊருக்கே தெரியும். ஷல்லாலுக்கும் தெரியும்.

சில வருஷம் கழித்து, மாதுளை பழுக்கும்போது அமெரிக்கக்காரன் மூட்டை கட்ட ஆரம்பித்தான். முகாமில் மிஞ்சியதையெல்லாம் ஊருக்குள் தள்ளிவிட்டான். ஷல்லால் பங்குக்கு ஓர் ஓட்ட இயந்திரம் வந்தது, நின்ற இடத்திலேயே ஓடுகிற சாமான். மின்சாரம் இருந்தால்தானே ஓட. கோழிகள் அதில் ஏறி உட்கார்ந்துகொண்டன. சஹ்வா சம்பளம் இனி பாக்தாதின் ஷியா அரசாங்கம் தரும் என்றார்கள், தரவில்லை. சாவடியில் ஆள் குறைந்துகொண்டே போய், கடைசியில் ஷல்லாலும் காது கேட்காத ஒருவனும் மிச்சம்.

ஒரு நாள் மத்தியானம் சாவடியில் அவருடைய கைபேசி அடித்தது. சின்னக் குரல், மரியாதையான குரல்.

“அஸ்ஸலாமு அலைக்கும், அபூ முத்லக். உங்க அமெரிக்க மாமன்மாருங்க மூட்டை கட்டுறாங்களாமே?”

முத்லக் அவருடைய ஒரே மகன். ஊரில் யாரும் அவரைப் பேர் சொல்லி அழைப்பதில்லை, முத்லக்கின் அப்பா, அவ்வளவுதான்.

“யார்டா நீ?”

“உங்க முகத்தையும் சேர்த்து மூட்டையில கட்டிடுவாங்களோன்னு ஒரே கவலை எனக்கு. ரொட்டி ரொம்ப ஜோர். இப்பக்கூட சாப்பிட்டுக்கிட்டேதான் பேசறேன். கடைசி லாரி போற வரைக்கும் ஜாசிப் கடை நடத்தட்டும். அதுக்கப்புறம் அவனும் இருக்கக் கூடாது, அவன் வீட்டு எறும்பும் இருக்கக் கூடாது.”

வாயில் எதையோ மெல்லுகிற சத்தம் நிஜமாகவே கேட்டது. அன்றைக்குக் காலையில் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியை மெல்லுகிறவன் என்றால், ஊருக்குள்ளேயே இருக்கிறான்.

மாகாணத் தலைநகர் பக்கூபாவுக்குப் போய் அங்கிருந்த போலீஸ் அதிகாரியிடம் சொன்னார். அதிகாரி தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டார்: “நீ சஹ்வாக்காரனா? சரி. அதுக்கு முந்தி என்ன உத்தியோகம் பாத்தே? ரோட்டுல பள்ளம் தோண்டினது நீதானே? பழைய கணக்கு நம்மகிட்ட அப்படியே இருக்கு, மாமா. போ, போய் ஆட்டுக்குப் புல்லு போடு.”

வீட்டுக்கு வந்து பெண்டாட்டி நஹ்லாவிடம் எல்லாவற்றையும் கொட்டினார். நஹ்லா மாதுளையை உதிர்த்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“இதுக்கு எதுக்கு இவ்ளோ யோசனை? நேரா போ. அபூ கர்ரார், பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பு, இங்க இருந்தா எல்லாரும் சாவீங்கன்னு சொல்லு. வாய் வலிக்குமா?”

“எப்படிடி சொல்றது? என் முகத்துல இருன்னு நாலு பேர் முன்னால கூட்டிட்டு வந்தவன் நான். இப்ப நானே போய், போயிடுன்னா என்ன அர்த்தம்? என் முகம் செத்துப்போச்சு, வந்து புதைங்கன்னு அர்த்தம்.”

“அந்த முகத்தை வச்சு என்ன பண்ணப் போறே? கண்ணாடியிலகூடப் பாக்கறதில்ல.”

“உனக்குப் புரியாது.”

“புரியுது. உன் மீசைக்காக அந்தச் சின்னப் பையன் சாகணும். நல்லாப் புரியுது.”

ஷல்லால் அன்று சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து சுற்றி வளைத்தார். கூத்தில் மாவு நல்ல மாவாமே என்றார். ஜாசிப், “இங்கயும் நல்லாத்தானே இருக்கு அபூ முத்லக், உங்க தயவு” என்றார். கர்ராருக்கு நகரத்துப் பள்ளிக்கூடம்தான் சரிப்படும் என்றார். “அவனா? அவனை எந்தப் பள்ளிக்கூடத்துல போட்டாலும் அந்தப் பள்ளிக்கூடம்தான் கெட்டுப்போகும்” என்று ஜாசிப் சிரித்தார். கடைசியில் ஷல்லால் தரம் கெட்டு, ஜாசிப் கடை ரொட்டியில் பல்லிவால் கிடந்தது என்று ஊரெல்லாம் கிளப்பிவிட்டார். வியாபாரம் படுத்தால் ஆள் தானாகப் போய்விடுவார் என்று கணக்கு. ஊர் ஒருநாள் வாங்கவில்லை. இரண்டாம் நாள் ஆசை தாங்காமல் வாலையும் சேர்த்துத் தின்னத் தயாராக வரிசையில் நின்றது. அந்த வரிசையில் ஷல்லாலும் நின்றார், பழக்கதோஷம்.

“யாரோ பொறாமை புடிச்ச பய கிளப்பி விட்டிருக்கான்” என்றார் ஜாசிப், அவருக்கு இரண்டு ரொட்டி கூடுதலாக வைத்து. “நீங்க இருக்கற வரைக்கும் எனக்கென்ன பயம்?”

ஷல்லால் ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்து ஆட்டுக்குப் போட்டார்.

வழி சொன்னது நஹ்லாதான். “வாயால சொல்ல முடியலைன்னா கோப்பையால சொல்லு.”

பெரிய விஷயம் கேட்கப் போகிறவன் எங்கள் ஊரில் இப்படித்தான் கேட்பான். வீட்டுக்காரர் சின்னக் கோப்பையில் கசப்புக் காப்பியை ஊற்றிக் கொடுப்பார். குடித்துவிட்டுக் கோப்பையை ஆட்டினால் போதும் என்று அர்த்தம். குடிக்காமல் தரையில் வைத்தால், எனக்கு ஒரு காரியம் ஆகணும், கொடுத்தால்தான் குடிப்பேன் என்று அர்த்தம். விருந்தாளி குடிக்காமல் எழுந்து போனால் வீட்டுக்காரருக்கு அதைவிட அவமானம் இல்லை. ஷல்லால் கோப்பையை வைக்கட்டும், ‘எனக்காகக் கிளம்பிப் போ’ என்று கேட்கட்டும். ஜாசிப் கொடுத்தால் அது பெருந்தன்மை. அவர் பயந்து ஓடியதாகவும் ஆகாது, இவர் முகம் செத்ததாகவும் ஆகாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் சொன்னதை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து போனார். முட்டி வலி என்று முத்லக்கை வண்டி ஓட்டச் சொன்னார். இங்கேதான் தப்பு நடந்தது. வெள்ளிக்கிழமை என்பதால் பையன் முகம் வழித்து, வெள்ளை அங்கி போட்டு, அத்தர் பூசியிருந்தான். இருபத்துமூன்று வயசு, ஆள் வேறு பார்க்க நன்றாக இருப்பான். அப்பாவோடு அவனும் உள்ளே வந்து உட்கார்ந்தான்.

ஜாசிப் வீட்டுக் கூடத்தில் கம்பளம் இல்லை, தரை வெறுமையாகக் கிடந்தது. சுவரோரம் கம்பளங்கள் சுருட்டிக் கட்டியிருந்தன. “குளிர்காலத்துக்கு முந்தி வெயில்ல போடலாம்னு” என்று ஜாசிப் அவசரமாகச் சொல்லிவிட்டுக் காப்பியை ஊற்றினார்.

ஷல்லால் கோப்பையை வாங்கினார். தரையில் வைத்தார்.

ஜாசிப் அந்தக் கோப்பையைப் பார்த்தார். ஷல்லாலைப் பார்த்தார். பிறகு வழித்த முகமும் அத்தர் வாசனையுமாக உட்கார்ந்திருந்த முத்லக்கைப் பார்த்தார். அவர் கண் நிறைந்துவிட்டது.

“காப்பியைக் குடிங்க அபூ முத்லக். நீங்க கேக்கறதுக்கு முந்தியே கொடுத்துட்டேன்.”

“இரு, நான் என்ன கேக்க வந்தேன்னா...”

“கேக்காதீங்க! நீங்க வாய் விட்டுக் கேக்கற அளவுக்கு என்னை வச்சுக்கலாமா? என் மூத்தவ ஹவ்ரா இனி உங்க பொண்ணு. இன்னிக்கே கூட்டிக்கிட்டுப் போங்க.”

கதவுக்குப் பின்னால் காதை வைத்துக்கொண்டிருந்த ஜாசிபின் பெண்டாட்டி ஸப்ரிய்யா குலவையிட்டாள். ஒரு குலவை இல்லை, சரம் சரமாக. பக்கத்து வீட்டிலிருந்து பதில் குலவை வந்தது, அதற்கடுத்த வீட்டிலிருந்தும் வந்தது. அந்த வருஷத்தில், ஒரு சுன்னி வீடு தானாகத் தேடிவந்து ஷியா வீட்டில் பெண் கேட்பதென்றால், குலவையிடாமல் என்ன செய்வார்கள்? முத்லக் தலையைக் குனிந்துகொண்டான். கழுதைக்கு வெட்கம் வேறு.

ஷல்லால் வாயைத் திறந்தார். இப்போது உண்மையைச் சொன்னால், உன் பெண்ணும் வேண்டாம், நீயும் வேண்டாம், ஊரை விட்டுப் போ என்று ஆகும். அதற்கு அந்த முகமூடிக்காரர்களே தேவலை. திறந்த வாயில் காப்பியை ஊற்றிக்கொண்டார்.

ஜாசிப் அவரைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டுக் காதோடு சொன்னார்: “உங்ககிட்ட மறைக்கக் கூடாது. அமெரிக்கக்காரன் போறான்ல, எங்களுக்கும் பயம் வந்திருச்சு. நாளைக்கு விடியறதுக்குள்ள சொல்லாமக் கிளம்பிடலாம்னு இருந்தோம். கம்பளம்கூடச் சுருட்டியாச்சு. உங்க முகத்துல மண்ணை வாரிப் போட்டுட்டுப் போறோமேன்னு நேத்து ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்ல. அல்லாஹ் காப்பாத்தினான். இனிமே நாங்க எங்க போறது? சம்பந்தி ஊர்தானே எங்க ஊர்.”

பிறகு அவரே குனிந்து கம்பளக் கட்டை அவிழ்த்தார். முத்லக் ஒரு பக்கம் பிடித்து விரித்துக் கொடுத்தான்.

வீட்டு வாசலில் நஹ்லா நின்றிருந்தாள். “என்னாச்சு, போறாங்களா?”

“மகனுக்குக் கல்யாணம்” என்றார். அதைச் சொல்லி முடித்து அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

நஹ்லா உடனே மாற்றுக் கணக்குப் போட்டாள். கல்யாணத்தை நாளைக்கே முடித்து, மறுவீடு அது இதென்று சொல்லி எல்லோரையும் கூத்துக்கு ஓட்டிவிடலாம். ஆனால் முஹர்ரம் பிறை பார்த்தாகிவிட்டது. ஷியா வீட்டில் முஹர்ரம், ஸஃபர் இரண்டு மாசமும் துக்கம். கறுப்புதான் உடுத்துவார்கள், கல்யாணப் பேச்சே எடுக்கமாட்டார்கள். அதுவரைக்கும் பெண்வீடு அசையாமல் மாப்பிள்ளை ஊரில்தான் இருக்கும்.

“அப்ப கர்பலா தர்காவுக்குப் போங்க” என்று ஷல்லால் போய்க் கெஞ்சினார். “முஹர்ரம் பத்தாம் நாள், ஆஷூராவுக்குக் குடும்பத்தோட போய், நிதானமா ரெண்டு மாசம் இருந்துட்டு வாங்க. நான் கடையைப் பாத்துக்கறேன்.”

“நீங்க சொல்லணுமா சம்பந்தி!” என்று ஜாசிப் நெகிழ்ந்துபோனார். சுன்னிக்காரர் ஆஷூராவுக்கு வழியனுப்புகிறாரே என்று ஊர் முழுக்கச் சொன்னார். ஐந்து பேரும் கர்பலா வண்டியில் ஏறினார்கள். வண்டி பாலம் தாண்டியதும் ஷல்லால் சாவடியிலேயே நன்றி சொல்லி இரண்டு ரக்அத் தொழுதார். காது கேட்காதவன்கூட என்ன விசேஷம் என்று கேட்டான்.

ஆஷூரா முடிந்த மூன்றாம் நாள் ஜாசிப் திரும்பிவிட்டார், மொத்தக் குடும்பத்தோடு. பெண்ணுக்குத் துணி தைக்க வேண்டுமாம். அதோடு, “நீங்க தனியா கடையில கஷ்டப்படறது எனக்கு அங்க உறுத்திக்கிட்டே இருந்துச்சு” என்றார். ஷல்லாலுக்கு ஒரு டப்பா அல்வாவும் வாங்கிவந்திருந்தார்.

கடைசி லாரி ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் போய்விட்டது. வரிசை வரிசையாக, விளக்குப் போட்டுக்கொண்டு, தெற்கே. யாரும் கையாட்டவில்லை, கல்லும் எறியவில்லை. ஷல்லால் பாலத்தில் நின்று பார்த்தார். ஹெலிகாப்டர் சத்தம் தேய்ந்து நின்ற பிறகு வாய்க்காலில் தவளை கத்துவது கேட்டது. இத்தனை வருஷமாக அங்கே தவளை இருந்தது அவருக்குத் தெரியாது.

அன்றிலிருந்து அவர் சாவடிக்குப் போகவில்லை. ஜாசிப் கடை முன்னால் முகாமிலிருந்து வந்த பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, மடியில் துப்பாக்கியோடு உட்கார்ந்தார். ரொட்டி வாங்க வருகிற ஒவ்வொருவன் வாயையும் பார்த்தார், மெல்லுகிறானா என்று. மெல்லாதவன் யார்? எல்லோரும் சூடு பொறுக்காமல் அங்கேயே பிய்த்துத் தின்கிறவர்கள்தான். ஸலாம் சொல்லும் ஒவ்வொரு குரலும் அந்தக் குரல் மாதிரியே இருந்தது.

நாலாம் நாள் காலையில் பாக்தாதிலிருந்து ஒரு படை வந்தது. கறுப்பு வண்டி, முகமூடி போட்ட ஆட்கள். முகமூடிக்காரன் என்றதும் ஷல்லால் துப்பாக்கியைத் தூக்கினார், பிறகு வண்டியில் அரசாங்கக் கொடியைப் பார்த்துவிட்டு இறக்கினார். அவர்கள் வந்ததே அவருக்காகத்தான். பயங்கரவாத வழக்கு, பழைய குழிகள். பொய் வழக்கு என்று சொல்லவும் வழியில்லை. தோண்டினவர்தானே.

ஜாசிப் மாவுக் கையோடு ஓடிவந்து அதிகாரியின் காலைப் பிடித்தார். “ஐயா, நான் ஷியா. அலி மேல சத்தியமா நான் ஷியா. இந்த மனுஷன்தான் என்னைக் காப்பாத்திக்கிட்டு இருக்காரு.”

“உனக்கு இவன் என்ன வேணும்?”

“சம்பந்தி, ஐயா.”

அதிகாரி சிரித்தான். “பொண்ணு கொடுக்க ஊர்ல வேற ஆளே கிடைக்கலையா உனக்கு?”

கையைக் கட்டி வண்டியில் ஏற்றும்போதுதான் ஷல்லாலுக்கு அந்த வாய் திறந்தது. நாலு பேர் இல்லை, தெருவே பார்த்திருக்கக் கத்தினார்: “ஜாசிப், போயிடுடா! என் முகம் செத்துப்போச்சு. இன்னிக்கே பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு ஓடிப்போ. உன்னைக் கொல்லப்போறானுங்க. காப்பியும் இல்ல, கல்யாணமும் இல்ல, ஓடிப்போ!”

ஜாசிப் வண்டியோடு கூடவே ஓடிவந்தார். அவரும் அழுதுகொண்டே கத்தினார்: “என்ன பேச்சுப் பேசறீங்க சம்பந்தி! நீங்க ஜெயில்ல கெடக்க, நான் ஓடினா நான் மனுஷனா? உங்க வீட்டை யார் பாக்கறது? கவலைப்படாதீங்க, நான் இருக்கேன். நான் இங்கயேதான் இருப்பேன்!”

வண்டி திரும்பிவிட்டது.

பிறகு நடந்ததைச் சிறைக்கு முதன்முதலாகப் பார்க்க வந்த முத்லக் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னான். சொல்ல அதிகமில்லை. காலை வியாபார நேரத்தில் கடைக்குள் யாரோ ஒரு பையை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பை வெடித்தபின் ஜாசிபும் கர்ராரும் இல்லை. வரிசையில் நின்றவர்களில் சிலரும் இல்லை. ஸப்ரிய்யா இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு கூத்துக்கே போய்விட்டாள்.

ஷல்லால் வலையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் வேறொரு குடும்பம் யாருக்கோ கால் செருப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தது.

“அப்பா, இன்னொண்ணு. ஹவ்ரா அம்மா சொல்லி அனுப்பியிருக்காங்க. கொடுத்த வார்த்தை கொடுத்ததுதானாம். அபூ முத்லக் மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல, ஸஃபர் முடிஞ்சதும் வந்து பொண்ணை அழைச்சுக்கிட்டுப் போகச் சொல்லுன்னு. வர்ற வியாழக்கிழமை துக்கம் கேக்கப் போறேன்.”

கூத் வரைக்கும் சாவடிக்குச் சாவடி ஆள் நிற்கிறான். முத்லக் ஹமத் என்று பேரைக் கேட்டாலே எந்தப் பக்கத்து ஆள் என்று தெரிந்துவிடும், அதிலும் அப்பன் பயங்கரவாத வழக்கில் உள்ளே. அவன் போய்ச் சேர்வானோ மாட்டானோ. சேர்ந்து பெண்ணை ரும்மானியாவுக்கு அழைத்து வந்தால், ரொட்டி மென்றுகொண்டே பேசினவன் அங்கே இன்னும் இருக்கிறான்.

“போகாதே” என்றார் ஷல்லால். “வேண்டாம்னு சொல்லி அனுப்பு. வார்த்தையைத் திருப்பிக் கொடுத்துட்டோம்னு சொல்லு. அந்தப் பொண்ணையாவது விட்டுடலாம்.”

முத்லக் அப்பாவையே பார்த்தான். “அப்பனைப் புதைச்சுட்டு உக்காந்திருக்கற வீட்டுல போயி, உங்க பொண்ணு இப்ப எங்களுக்கு வேண்டாம்னு சொல்லச் சொல்றீங்களா? அவங்க அப்பா செத்ததும் கழட்டி விட்டுட்டானுங்கன்னு பேசுவாங்களே. எப்படிப்பா சொல்றது?”

சொல்லத்தான் வேண்டும், எப்படிச் சொல்வது என்றுதான் ஷல்லாலுக்கும் தெரியவில்லை. காவலன் நேரம் முடிந்தது என்று கம்பியைத் தட்டினான். முத்லக் வலைக்குள் விரலை நுழைத்து அப்பாவின் விரலைத் தொட்டுவிட்டுத் திரும்பி நடந்தான். வியாழக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.